வெயிலில் நிற்கும் தறி

ஆரணியில் நல்ல வெயில். தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்ட இதைவிட நல்ல காலை கிடைக்காது. ஆனாலும் நெசவாளர் தெருவில் பாவும் இல்லை, தறிச் சத்தமும் இல்லை.

பஸ் நிலையத்தில் பட்டுப்புடவை மூட்டையை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கும் நெசவுக்கார அம்மாவிடம் காரணம் கேட்கிறேன்.

"மெட்ராஸ்ல மழைங்க. கடைத்தெருவுல முட்டியளவு தண்ணி நின்னுகினு இருக்குது. சரக்கு இப்ப வேணாம்னுட்டாங்க. நெய்ஞ்சது போனாதான அடுத்த பாவு?"

"சென்னைக்குத்தான் ஏற்கெனவே கவர்மெண்ட்ல பணத்தைக் கொட்டிக் குடுக்குறாங்களே. ஆரணிக்கு வேணாமா?"

"வேணும்தாங்க. ஆனா எங்க பொடவை விக்கிற எடமே முழுகிப் போனா, இங்க என்னா பண்ணி என்னாங்க? மொதல்ல அங்க கால்வாய ஒழுங்கா கட்டச் சொல்லுங்க."

பெருநகரத்துக்கு இன்னும் எதற்குச் செலவு என்று கேட்கிறவர்கள் இந்தத் தெருவில் வந்து நிற்கட்டும். சென்னையில் வடியாத தண்ணீர், மழையே பெய்யாத ஆரணியில் தறியை நிறுத்தியிருக்கிறது.

சென்னை பஸ் வருகிறது. மூட்டையோடு ஏறி உட்கார்ந்தவர், வீட்டுக்காரருக்குப் போன் செய்கிறார்.

"அவங்க வேணாம்னாலும், தண்ணியில நடந்தாவது கடையில குடுத்துட்டு வரேன். நீங்க நாளைக்குக் காலைல பாவு போடுங்க."