கார்லிஸின் காதுக்கு ஒரு துப்பாக்கி

வெர்லீன் ஸ்டிடம் கூஸ்நெக் ஓடைப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டியவள். அந்த ஒற்றை மலைச்சாலையில் எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தால், பின்னால் போகிறவன் லாரிக்காரன்தான். அவள் போகமாட்டாள்.

ஒரு காலத்தில் அணில் வேட்டையில் அவளை மிஞ்ச அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. ஆகஸ்டு மாதம் வேட்டைப் பருவம் திறக்கும் முதல் நாள், மத்தியானம் எல்லாரும் அவள் கொழுந்தன் ஹோபர்ட்டின் களஞ்சியத்தில் கூடுவார்கள். வாய்ச்சவடால் உச்சத்தில் இருக்கும்போது வெர்லீன் வந்து தன் பையைக் கவிழ்ப்பாள். உள்ளேயிருந்து பூனைக்குட்டிப் பருமனில் கொழுத்த சாம்பல் அணில்கள் விழும். சவடால் அத்தோடு அடங்கிவிடும்.

அதெல்லாம் அவள் புருஷன் கார்லிஸ் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கம் வெடிப்பதற்கு முன்பு. வாயு தீப்பிடித்து வெடித்ததில் அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் போய்விட்டார்கள். கார்லிஸ் கைகால் பழுதில்லாமல் வெளியே வந்தான். ஆனால் அதற்குப் பிறகு சத்தம் என்றால் அவனுக்கு உடம்பு சொன்னபடி கேட்காது. பட்டென்று ஒரு காரின் கதவு சாத்தினால் போதும், தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கை நடக்கும்போது நிலவறைக்குப் போய் துணி துவைக்கும் மிஷினைச் சும்மா ஓடவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். வெர்லீனும் கூடப்போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த வருஷமே அவள் தன் வேட்டைத் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி, வேறு ஊரில் இருந்த தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாள். யாராவது கேட்டால், "கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்பாள். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். கார்லிஸுக்கு முதலில் தெரியும்.

ஆறு வருஷம் போனது. ஒரு கோடைக் காலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஹிக்கரி மரத்தில் அணில் கொட்டை கொறிக்கிற தூள் தகரக் கூரையில் பொலபொலவென்று விழுந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வெர்லீன் குழாயை மூடிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கார்லிஸ் அவளைப் பார்த்தான்.

"என்னாலதானே விட்ட?"

"வேல இருக்கு கார்லிஸ், அதான்."

"பஸ்ஸு லீவுல நிக்குது. என்ன வேல?" என்றான் அவன். அவள் குழாயை மறுபடி திறந்துவிட்டாள்.

இது எப்படியோ ஹோபர்ட்டின் காதுக்குப் போயிருக்கிறது. அண்ணனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணம் அவனுக்கு எப்போதும் உண்டு. யோசிக்கிற பழக்கம்தான் இல்லை. அந்த வாரமே ஒரு நீளப் பெட்டியோடு வந்து இறங்கினான். உள்ளே புத்தம்புது ஏர் கன். குழலை நடுவில் மடக்கி இழுத்து, ரவையைப் போட்டு நிமிர்த்திச் சுடுகிற வகை.

"இந்தப் பொட்டி மேல போட்டிருக்கிற வேகத்தப் பாரு வெர்லீன்! கடையில இதுக்கு மேல வேகமா ஒண்ணும் கெடையாது. வெறும் காத்துதான். சத்தமே வராது."

"சுட்டுப் பாத்தியா?"

"பாக்கணுமா என்ன? எழுதியே இருக்கான்ல!"

கார்லிஸ் காபியோடு முற்றத்துப் படியில் உட்கார்ந்திருந்தான். ஹோபர்ட் வேலிக் கம்பத்தில் ஒரு டப்பாவை வைத்துவிட்டு வந்து சுட்டான். சாட்டையைச் சொடுக்கினது மாதிரி ஒரு வெடி. மலை அதை வாங்கித் திருப்பி எறிந்தது. டப்பா அப்படியே நின்றது. கார்லிஸின் கோப்பைதான் கைநழுவி விழுந்து உடைந்தது, அவன் அதற்குள் நிலவறைக்குப் போய்விட்டான்.

ஹோபர்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் வந்து... அவனுக்கு..."

"எனக்குத் தெரியும். இப்பப் போ" என்றாள் வெர்லீன்.

வேறு யாராக இருந்தாலும் அந்த யோசனையை அன்றைக்கே குழிதோண்டிப் புதைத்திருப்பார்கள். வெர்லீன் விடவில்லை. காற்றுத் துப்பாக்கி ஏன் வெடித்தது? மறுநாள் நகரத்துக்குப் போய் வேட்டைச் சாமான் கடைக்கார எஸ்டிலிடம் இதைத்தான் கேட்டாள்.

எஸ்டில் தலையைச் சொறிந்தான். "ஹோபர்ட் வாங்கினது பொடி ரவை போடுறதும்மா. அதுலயும் எடையே இல்லாத ரவையப் போட்டிருப்பான். அது ஒலிய விட வேகமாப் போகும். அப்பிடிப் போனா வெடிக்கத்தான் செய்யும். வேகத்தப் பாத்து வாங்குறவங்கதான் முக்கால்வாசிப் பேரு. எனக்கென்ன, வித்தாச் சரி."

"அப்ப மெதுவாப் போறதா ஒண்ணு குடு."

"மெதுவாப் போறது அணில் மேல பட்டா, அது உன்னத் திட்டிட்டு ஓடிரும்."

"அடிபட்டுப் பொந்துக்குள்ள போய்ச் சாகிற அணில் எனக்கு வேணாம். விழுந்தா அங்கயே விழணும். ஆனா சத்தம் வரக்கூடாது."

"ரெண்டும் கேக்குறியே!"

"ரெண்டும்தான் கேக்குறேன்."

சனிக்கிழமை அவள் கார்லிஸையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கடைக்குப் பின்னால் மண்மேடு ஒன்று உண்டு. வாங்குகிறவர்கள் சுட்டுப் பார்ப்பதற்கு. பிக்கப் வண்டியை அதற்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினாள். கார்லிஸ் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தான்.

"நீ வெளிய வரவேணாம். எது ஆகும் எது ஆகாதுன்னு மட்டும் சொல்லு" என்றாள் அவள்.

"என்னய ஜட்ஜாக்கிட்ட."

"சம்பளம் கெடையாது."

முதலில் எடுத்தது ஒரு மெலிந்த துப்பாக்கி. மடக்க எளிது, சத்தமும் தும்மல் அளவுதான். கார்லிஸ் கண்ணாடிக்குப் பின்னால் தலையாட்டினான். ஆனால் வெர்லீன் மண்மேட்டில் நட்டிருந்த பைன் பலகையைப் போய்ப் பார்த்தாள். ரவை பாதியில் மாட்டி நின்றது. திரும்பி வந்து அதைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்தது கனத்த ஸ்பிரிங் வைத்தது. பலகையைத் துளைத்தது, ஆனால் சுட்ட பிறகும் உள்ளே ஸ்பிரிங் கிண்ணென்று அதிர்ந்தது, உடைந்த கட்டில் மாதிரி. கார்லிஸ் முகத்தைச் சுளித்தான். மூன்றாவதைச் சுட்டதும் அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். வெர்லீன் ஓடிப்போய் வண்டியின் ஜன்னலில் கையை வைத்தாள். உள்ளேயிருந்து அவன் விரலை ஆட்டினான்: போ, அடுத்ததை எடு.

எஸ்டில் உள்ளே போய்க் கடைசியாக ஒன்றைக் கொண்டுவந்தான். பீச் மரக்கட்டையில் செய்த பிடி, தடித்த குழல், அதன் நுனியில் சத்தத்தை விழுங்குகிற உறை. ஸ்பிரிங் இல்லை, உள்ளே அடைத்து வைத்த வாயுதான் தள்ளும். போடுவது பெரிய ரவை, அதிலும் கனமானது.

"இத யாரும் தொடறதில்ல. பொட்டில போட்டிருக்கிற வேகம் கம்மி. மடக்கவும் கஷ்டம். உன்னால முடியுமோ என்னமோ."

வெர்லீன் தினமும் மலைவளைவில் பேருந்தைத் திருப்புகிற தோள்காரி. குழலைப் பிடித்து இழுத்து மடக்கினாள்; பல்லைக் கடிக்க வேண்டித்தான் இருந்தது. ரவையைப் போட்டாள். நிமிர்த்தினாள். சுட்டாள்.

தொப்.

தலையணையை யாரோ அடித்தது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பலகையில் ரவை நுழைந்து மறுபக்கம் வெளியேறி மண்ணுக்குள் போயிருந்தது. பின்னால் வண்டியின் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவ" என்றான் கார்லிஸ்.

சுட்டாள். கதவு திறந்தது. இன்னொரு தடவை சுட்டாள். திரும்பிப் பார்த்தால் கார்லிஸ் அவள் பக்கத்தில் நிற்கிறான். தோள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"இதுதான்" என்றான்.

வாங்கிவிட்டால் ஆயிற்றா? அடுத்த இரண்டு வாரமும் அவளை அழவைத்தது அந்தத் துப்பாக்கி. ஒரு ரவை டப்பாவில் படும், அடுத்தது கை அகலம் தள்ளிப் போகும், அதற்கடுத்தது போன இடமே தெரியாது. சேதி பரவியது. ஹோபர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் டிராக்டரை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "வெர்லீன், உன் கண்ணு முன்ன மாதிரி இல்லன்னு சொன்னப்ப நாங்கதான் நம்பாமப் போயிட்டோம்!"

"நீ சுட்ட டப்பா இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கு ஹோபர்ட்!" என்றாள் அவள். ஆனால் உள்ளுக்குள் வலித்தது.

கண்டுபிடித்தவன் கார்லிஸ். இப்போது அவன் படியில் உட்கார்ந்து அவள் சுடுவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பான்.

"நீ அதோட கழுத்த நெரிக்கிற" என்றான் ஒருநாள்.

"துப்பாக்கிய இறுக்கித்தான் பிடிக்கணும்."

"உன் பழைய துப்பாக்கிய. அது பின்னாடி மட்டும் உதைக்கும். இது முன்னாடியும் குதிக்குது, பின்னாடியும் குதிக்குது, இங்கேருந்து பாத்தாத் தெரியுது. நீ பிடிக்கப் பிடிக்க முரண்டுது. சும்மா விட்டுத்தான் பாரேன்."

அவள் இடது உள்ளங்கையை விரித்து, துப்பாக்கியை அதன் மேல் வெறுமனே கிடக்கவிட்டாள். தோளில் அழுத்தாமல் சாய்த்தாள். சுட்டாள். டப்பா விழுந்தது. கார்லிஸ் எழுந்துபோய் அதை எடுத்து வைத்தான். மறுபடி விழுந்தது. சாயங்காலம் வரைக்கும் அவன் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தான், அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

பருவம் திறந்த நாள், விடிகிற வேளையில் இரண்டு பேரும் தங்கள் சொந்தக் காட்டின் பின்மேட்டுக்கு ஏறினார்கள். கார்லிஸ் தானாகத்தான் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தான். அவள் கூப்பிடவில்லை, கேட்கவும் இல்லை. பெரிய ஹிக்கரி ஒன்றின் எதிரே தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். பனி சொட்டியது. மேலே கொட்டை கொறிக்கும் கரகர சத்தம் தொடங்கியது.

"கவைக்கு மேல. எலைக்குப் பின்னாடி வாலு" என்று அவன் கிசுகிசுத்தான்.

தொப். அணில் கிளையை விட்டு நேராகக் கீழே வந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

வெர்லீன் எழுந்திருக்கப் போனாள். கார்லிஸ் அவள் கையைப் பிடித்தான். மேலே கரகர சத்தம் நிற்கவே இல்லை. பழைய துப்பாக்கியாக இருந்தால் ஒரு வெடிக்கு மலை முழுக்க வாயை மூடிக்கொள்ளும். பிறகு அரைமணி நேரம் கல்லு மாதிரி காத்துக் கிடக்க வேண்டும். இங்கே மற்ற அணில்கள் ஒன்றுமே நடக்காதது மாதிரி தின்றுகொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. அவன் காட்டினான், அவள் சுட்டாள். ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன.

அப்போதுதான் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம் உருண்டு வந்தது. தூரத்துச் சத்தம்தான். ஆனாலும் தன் தோளில் சாய்ந்திருந்த அவன் தோள் பலகையாக விறைப்பதை அவள் உணர்ந்தாள். துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, அவன் கையைத் தேடிப் பிடித்தாள். அவன் மூச்சு வேகமாக ஓடியது. போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஹோபர்ட்தான்" என்றான் கார்லிஸ். மூச்சை இழுத்து விட்டான். "அணில் தப்பிச்சிருக்கும்."

வெர்லீன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவனும் குலுங்கினான். ஒட்டியிருந்த தோள்கள் ஒன்றாக ஆடின. சுரங்கத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

ஒரு நாளைக்கு ஆளுக்கு ஆறு அணில் என்பது சட்டம். ஐந்தோடு அவள் துப்பாக்கியை அவன் மடியில் வைத்தாள். கார்லிஸ் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குழலை மடக்கினான். ரவையைப் போட்டு, உள்ளங்கையை விரித்து அதில் துப்பாக்கியைக் கிடக்கவிட்டான். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். தொப்.

உச்சிக் கிளையில் இருந்தது விழுந்தது.

களஞ்சியத்தில் மத்தியானம் பெரிய அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஹோபர்ட்டின் பங்குக்கு ஒரே ஒரு நோஞ்சான் அணில். வெர்லீன் பையைக் கவிழ்த்ததும் ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான். ஹோபர்ட் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான்.

"எல்லாம் தலையில! அந்தக் காத்தடிக்கிற பம்ப்பிலயா?"

"அஞ்சு அவளது. இது என்னுது" என்றான் கார்லிஸ்.

ஹோபர்ட் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். "எங்க, எப்பிடின்னு சொல்லு" என்று ஒரு பெட்டியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டான்.

கார்லிஸ் உட்கார்ந்து சொன்னான். பிறகு பின்னால் நின்றவர்களுக்காக மறுபடி சொன்னான். தாமதமாக வந்த பாதிரியாருக்காக இன்னொரு தடவை சொன்னபோது மரம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது, கிளை இன்னும் உயர்ந்திருந்தது, காற்றும் வீச ஆரம்பித்திருந்தது. "நெசமாவா வெர்லீன்?" என்று பாதிரியார் திரும்பிக் கேட்டார்.

"அவர் சொல்றது கம்மி" என்று சொல்லிவிட்டு, வெர்லீன் தன் தட்டை நிரப்பிக்கொள்ளப் போனாள்.