இரண்டு ஆள் அகலத்தில் ஒரு பாதை

டொக்... டொக்... டொக்...

பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும், தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றது. ஊசி துணிக்குள் பாதி இறங்கி நின்றது.

அவளுக்குத் தெரியாத சத்தமா அது? அண்ணன் வேலை முடிந்து வந்து, பூட்ஸைக் கழற்றிச் சுவரில் தட்டி மணலை உதறும் சத்தம். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம். ஆனால் அண்ணன் கண்ணை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே!

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தாள். உள்ளே, சின்ன முக்காலியில் அண்ணன் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் அண்ணனுடைய பூட்ஸ். இன்னொன்று கையில். பெரிய பூட்ஸ் கழன்றுவிடாமல் இருக்க, அதன் முனையில் பழைய துணியைத் திணித்திருந்தாள்.

"அண்ணி! எனக்கு உசிரே போயிடுச்சு. என்ன பண்றீங்க?"

"பார்த்தா தெரியலை? மணலைத் தட்டறேன்."

"அது எங்க அண்ணனோட பூட்ஸ்."

"ஆமா, உங்க அண்ணனோடதுதான். அவர் சட்டையை வெட்டி நீ தலையணை உறை தைக்கலையா? நான் கேட்டேனா?"

"தலையணை உறை ஊர் சுத்தாது அண்ணி!"

அண்ணி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பூட்ஸின் மடிப்பில் ஒட்டியிருந்த மணலை விரலால் வழித்தாள். வழித்ததைக் கீழே போடவும் மனமில்லாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் அந்த அண்ணிக்கு 'நடைக்காரி' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது.

அந்த ஊர் முடிகிற இடத்தில் மணல்மேடுகள் தொடங்கும். மேடுகளுக்கு அப்பால் கடல். மேடுகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் நடைபாதைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இயற்கைக் காப்பக அலுவலகம் இருக்கிறது. காற்றுக் காலம் வந்தால் போட்ட பாதையெல்லாம் மணலுக்குள் போய்விடும். புதிதாக வழி குறிக்க வேண்டும். அம்புக்குறி போட்ட பலகை வைத்தால் ஜனங்கள் மதிக்கிறார்களா? அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, நேராக மேட்டின்மேல் ஏறிவிடுவார்கள். மேட்டிலுள்ள புல் மிதிபட்டுச் செத்தால், அது பிடித்து வைத்திருந்த மணல் கிளம்பிவிடும். கிளம்பின மணல் ஊருக்குள் வந்து ஜன்னலைத் தட்டும்.

பல வருஷங்களுக்கு முன் அங்கே பாதைக் காவலராக இருந்த ஓர் ஒல்லி இளைஞர் ஒன்றைக் கவனித்தார். மனிதர்கள் பலகையை நம்புவதில்லை, தமக்கு முன்னால் போனவரின் காலடியை நம்புகிறார்கள். ஆகவே, காலையில் ஜனங்கள் வருவதற்கு முன், புதிய வழியில் நடந்து நடந்து தடம் பதிக்க ஓர் ஆள் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டு வாங்கினார். அந்த வேலைக்கு வந்தவள்தான் இந்த நடைக்காரி.

"நடக்கறதுக்குக் கூலியா?" என்று அவளுடைய அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியே தூங்கறதுக்கு ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டுட்டு வாம்மா. அப்பா ரெடி!"

முதல் சில நாள் அவள் தனியாகத்தான் நடந்தாள். பிறகு அந்தக் காவலரும் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்.

"ஒரு ஆள் தடம் மட்டும் இருந்தா, யாரோ வழி தப்பிப் போன மாதிரி இருக்கும்" என்றார். "ரெண்டு பேர் சேர்ந்து நடந்தாத்தான் அது பாதை."

அலுவலகக் காரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது காது மடல் ஏன் அப்படிச் சிவக்க வேண்டும்? இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அதனால் பூட்ஸின் இடது குதி ஒரு பக்கமாகத் தேய்ந்து, மணலில் பிறை மாதிரி விழும். அவள் தன் அடியை அந்தப் பிறைக்குப் பக்கத்தில் வைக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் கடலோரத்தில் பாதை முடிகிற இடத்தில் நின்று, அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இந்த வேலை முடிஞ்ச பிறகும் இப்படியே கூட நடப்பியா?"

"செருப்பு தேஞ்சா வாங்கித் தருவீங்களா?" என்றாள் அவள்.

கல்யாணம் முடிவானது அவ்வளவு பேச்சில்தான்!

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அந்த இருவரின் காலடிமேல்தான் ஊரே கடலுக்குப் போனது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள், கைகோத்து வந்த புது ஜோடிகள், டாக்டர் நடக்கச் சொன்னதால் மூச்சிரைக்க வந்தவர்கள், எல்லோரும். இருவருக்கும் வீட்டில் சண்டை என்றால் அதுவும் மணலில் தெரிந்துவிடும். அன்றைக்கு அவர் முன்னால், இவள் பின்னால். அகலமான பாதை ஒற்றையடிப் பாதையாகிவிடும்.

பாதையோரக் கம்பங்களில் கயிறு கட்டும் தொழிலாளி ஒருவர் உண்டு. எல்லோரும் அவரைக் 'கயிறு' என்றே கூப்பிடுவார்கள். ஒற்றையடியைப் பார்த்ததும் அவருக்குக் கொண்டாட்டம்.

"என்னண்ணே, பாதை இன்னைக்கு இவ்வளவு ஒடுங்கிப் போயிருக்கு? வீட்டுல சமையல் உண்டா, இல்ல நான் ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?"

அவர் முறைப்பார். இவளுக்கோ சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். திரும்பி வரும்போது பாதை மறுபடி அகலமாகிவிடும்.

எத்தனை அழகான காலம்! குழந்தை இல்லையே என்று ஊர் முணுமுணுத்த நாட்களில்கூட அந்தக் காலை நடை நிற்கவில்லை. இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. கடைசியில் அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் நின்றது. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்து, "காத்து மாறுது, பாதை போயிடும்" என்று அவர் சொன்னார். அவர் பேசிய கடைசி வார்த்தையும் அதுதான்.

வாசல் மணி அடித்தது.

நாத்தனார் போய்க் கதவைத் திறந்தாள். நின்றது கயிறு. தலை நரைத்தும் வேலையை விடாத கயிறு. மணலை இழுத்துச் சமப்படுத்தும், பல் வைத்த நீளமான வாரி ஒன்றை வெளிச்சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"வாங்க வாங்க. இன்னைக்கு எவ்வளவு நீளத்துக்குத் திரிக்கப் போறீங்க?" என்றாள் நாத்தனார் வழக்கம்போல்.

கயிறு சிரிக்காமல் பின்னறைப் பக்கம் பார்த்தார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அண்ணி எங்க?" என்றார். நடைக்காரி முன்னறைக்கு வந்ததும், நாற்காலியில் உட்காராமலேயே சொன்னார்.

"என்னைப் பைத்தியம்னு நினைக்காதீங்க அண்ணி. நான் அண்ணன் காலடியைப் பார்த்தேன்."



"பழைய பாதையில. அதே தேஞ்ச குதி. பக்கத்துலயே உங்க தடம். ரெண்டு பேரும் சேர்ந்து கடலுக்குப் போன மாதிரி. அப்படியே மணல்லயே ஒக்காந்துட்டேன்."

அப்போதுதான் அவர் பார்வை கீழே போயிற்று. நடைக்காரியின் ஒரு காலில் கழற்ற மறந்த பூட்ஸ் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய மனிதரின் உதடு குழந்தையின் உதடு மாதிரி நடுங்கியது.

"முதல்ல என் செருப்புல போவேன் தம்பி" என்றாள் அவள் மெதுவாக. "அப்புறம் கரை வழியா சுத்தி வந்து, பையிலேருந்து இதை எடுத்துப் போட்டுக்கிட்டு, பக்கத்துலயே இன்னொரு தடவை போவேன். கடைசியில நின்னு திரும்பிப் பார்ப்பேன். சேர்ந்து வந்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான். இதுல யாருக்கு என்ன தொந்தரவு?"

கயிறு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அங்க பறவை முட்டை வெச்சிருக்கு அண்ணி. மணல்லயே சின்னதா குழி பறிச்சு வைக்குமே, அந்தப் பறவை. அதனாலதான் பாதையை மூடி நானே கயிறு கட்டினேன்."

"தெரியும். குனிஞ்சு தாண்டித்தான் போவேன். ஒரு முட்டைகிட்டகூட என் கால் போனதில்லை."

"உங்க கால் போகலை. ஆனா ரெண்டு ஆள் தடம் அகலமா கிடக்கே? கயிறைப் பார்க்கறவன் தடத்தையும் பார்க்கறான். இங்கதான் வழின்னு குனிஞ்சு உள்ள போயிடறான். நேத்து ஒரு குடும்பமே போயிருக்கு. ரெண்டு முட்டை நசுங்கிப் போச்சு. தாய்ப் பறவை சுத்திச் சுத்திக் கத்திக்கிட்டே இருந்தது."

நடைக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். தன் துக்கத்துக்காகப் போட்ட பாதையில் இன்னொரு தாயின் வயிறு எரிந்திருக்கிறதே!

"ஆபீஸ்ல அந்த ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. தடத்தை இழுத்து அழிக்கவும் சொன்னாங்க. வாரியை எடுத்துட்டுப் போனேன். கை வரலை அண்ணி. அண்ணன் மேலயே இழுக்கற மாதிரி இருந்துச்சு. அதான் நேரா இங்க வந்துட்டேன்."

"இழுக்காதீங்க!" என்று கத்தியது நாத்தனார். சற்று முன் கோபித்தவளா இவள்? கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. "எங்க அண்ணன் இந்த உலகத்துல வேற எங்க இருக்காரு? அங்கயாவது நடந்துட்டுப் போகட்டும். இன்னொரு கயிறு கட்டுங்க. பெரிசா ஒரு பலகை வைங்க!"

"பலகையை எவன் மதிக்கறான்?" என்றாள் நடைக்காரி.

பிறகு கயிறின் பக்கம் திரும்பினாள். குரல் கெஞ்சியது.

"நாளைக்கு ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடட்டுமா? சொல்லிக்காம எப்படித் தம்பி..."

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கும் அந்த மனிதர் குனிந்து தரையைப் பார்த்தார்.

அவள்தான் சொன்னாள்.

"வேண்டாம். அவரே இருந்தா என்னைக் கயிறுக்கு வெளியில நிக்க வெச்சுக் கத்தியிருப்பார். எங்க அம்மாவையே ஒரு தடவை பாதியில திருப்பி அனுப்பினவராச்சே. அம்மா அதுக்கப்புறம் ஒரு மாசம் மாப்பிள்ளைகிட்ட பேசலை." சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ போய் இழுத்துடு தம்பி."

"ரெண்டு நாள் பொறுத்தா காத்துலயே தானா அழிஞ்சுடும் அண்ணி."

"நாளைக்கு லீவு நாள். கூட்டம் வரும். காத்து வர்ற வரைக்கும் அவங்க வீட்டுல இருப்பாங்களா? இன்னைக்கே இழுத்துடு. கரை வழியா போய், கடல் பக்கத்துலேருந்து வாரியைப் பின்னால இழுத்துக்கிட்டே வா. இல்லைன்னா உன் தடமே பாதையாயிடும்."

"நீங்களும் வரீங்களா? வெளியில நின்னு பார்க்கலாம்."

"வேண்டாம்ப்பா. பார்த்தா உன் கையைப் பிடிச்சுடுவேன்."

கயிறு வாசலுக்கு வந்து வாரியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். படியிறங்கினார். தெருவில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தார். அவள் போ போ என்று கையை அசைத்தாள்.

அவர் முனை திரும்பி மறையும்வரை நின்றாள். கடல் பக்கத்திலிருந்து காற்று வந்து அவள் நெற்றி மயிரைக் கலைத்தது. நாத்தனார் பின்னால் வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

நடைக்காரி கதவைச் சாத்தினாள்.