ஒரு கரண்டிக்கு மேல் இல்லை

கபஹெண்டாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குழந்தையைக் கண்டாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார், பாதத்தைத்தான் பிடிப்பார். கட்டைவிரலால் புறங்காலை அழுத்தி, மனதுக்குள் மூன்று எண்ணி, விரலை எடுப்பார். சதை உடனே மேலெழுந்துவிட்டால் கன்னத்தைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். கல்யாண வீடோ, சந்தையோ, ஞாயிறு பூசையோ, இடம் பார்ப்பதில்லை. ஒரு ஞானஸ்நானத்தின்போது, பாதிரியார் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அந்தப் பிள்ளையின் காலை எட்டிப் பிடித்ததைக் கொபுசிங்கே கண்ணால் பார்த்திருக்கிறாள். பின்வரிசையில் யாரோ, “அப்வோலி பரலோகம் போனாலும் தேவதூதருங்க காலைத்தான் மொதல்ல அழுத்திப் பாப்பா” என்றார்கள்.

அப்வோலி என்பது அவருடைய செல்லப்பெயர், கொபுசிங்கேயுடையது அத்யேரி. டோரோ மக்களில் ஒருவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம். மலையடிவாரத்து மிஷன் மருத்துவமனையில், குழந்தைகள் கூடத்துக்கு அவர் சமையல்காரி. இருபத்தாறு வருடம் அந்த அடுப்பங்கரையில் நின்றார். படித்தது நான்காம் வகுப்பு.

கொபுசிங்கே அவரை முதலில் ஒரு திருடியாகத்தான் அறிந்தாள்.

அவளுடைய மகன் பகோன்ஸாவுக்கு அப்போது இரண்டு வயது. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் தாய்ப்பாலை நிறுத்திவிட்டாள். அதன்பின் வாழைக்காய் மசியலும் மரவள்ளிக் கிழங்கும்தான். வயிறு குறையில்லாமல் நிறைந்தது. உடம்பைக் கட்டுகிற புரதம் மட்டும் போதவில்லை. பிள்ளை உப்பினான். கால் பளபளத்தது, முடி செம்பட்டையானது. கொழுகொழுவென்று இருக்கிறான் என்று அக்கம்பக்கம் மெச்சியது, அவளும் பெருமைப்பட்டாள். சிரிப்பு நின்று, தோல் உரியத் தொடங்கிய பிறகே பயம் வந்து தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கூடத்தில் சேர்த்த அன்று கபஹெண்டா பாதத்தை அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

அன்று முதல் இரண்டு மணிக்கொரு தடவை சர்க்கரையும் துளி எண்ணெயும் கலந்த நீர்ப்பால். அதையும் கரண்டியால் அளந்துதான் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளைகளோ ஃபிரிண்டா என்ற பயறுக் கடைசல் தின்றார்கள். பீன்ஸ் பயறை முன்தினமே ஊறப்போட்டு, ஒவ்வொரு விதையாகப் பிதுக்கித் தோலை எறிந்து, குழைய வேகவைத்து நெய்விட்டுக் கடைவது கபஹெண்டாவின் கை வேலை. தோல் இருந்தால் பிஞ்சு வயிறு சிரமப்படும் என்று, ஐம்பது பிள்ளைகள் இருந்தாலும் ஒரு விதையைத் தோலோடு விடமாட்டார். அந்த மணம் கூடம் முழுக்க வரும். பகோன்ஸாவுக்கு மட்டும் கிடையாது. ஏன் என்று டாக்டர் முதல் நாளே விளக்கியிருந்தார். கொபுசிங்கேயின் காதில் அது ஏறவில்லை.

ஐந்தாம் நாள் எடை பார்த்தார்கள். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. உப்பியிருந்த கன்னம் வற்றி, விலா எலும்பு தெரிந்தது. கொபுசிங்கேவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: சமையல்காரி பிள்ளையின் பங்கை வீட்டுக்குக் கடத்துகிறாள். புதிதாக வந்திருந்த இரண்டு தாய்மாரும் ஆமாம் போட்டார்கள். கணவனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் வேகவைத்த கோழியும் ஒரு தூக்கு ஃபிரிண்டாவும் கொண்டுவந்தான். பிள்ளைக்கு வயிறு நிறைய ஊட்டிவிட்டு வீட்டுக்குத் தூக்கிப்போவது என்று பேச்சு.

முதல் கவளம் எடுக்கும்போது கபஹெண்டா ஓடிவந்து கிண்ணத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

“கையை எடுங்க அப்வோலி. எம்புள்ள பங்கைத் தின்னது போதாதா?”

“என் வீட்டுக்கு வந்து பானையைக் கவுத்துப் பாரு அத்யேரி. இன்னிக்கு இதை மட்டும் ஊட்டாத. கொறைஞ்சது சதை இல்ல, தண்ணி. வீக்கம் வடியுது.”

கணவன் சிரித்தான். “தண்ணிய வடிச்சு எலும்பைக் கையில குடுக்கத்தான் ஆஸ்பத்திரியா?”

நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம், சட்டம் பேசியிருக்கலாம். கபஹெண்டா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கிண்ணத்திலிருந்து கை மட்டும் நகரவில்லை.

“நான் வேலைக்கு வந்த ரெண்டாம் வருஷம், கியாருசோசியில இருந்து அதேன்யின்னு ஒருத்தி வந்தா. புள்ளைக்கு இதே வீக்கம். என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. குடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நான் பாவம் பாத்து ஒரு கிண்ணம் ஃபிரிண்டா ஊட்டிட்டேன். மறுநாள் மத்தியானம் போயிடுச்சு.”

அவர் தொடர்ந்தார். “அடுப்பு தணிஞ்சு கெடக்கு அத்யேரி. பெரிய கட்டையைத் திணிச்சா இருக்கிற கனலும் போயிடும். ஈரலுக்கும் கொடலுக்கும் இப்ப அதைச் செரிக்கத் தெம்பு இல்ல. சுள்ளி சுள்ளியா வைப்போம்.”

கொபுசிங்கே கேட்டது ஒன்றுதான். “அந்த அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. கடைசியா என் புள்ள வயிறாரச் சாப்பிட்டுச்சு, ஊட்டுன கை நல்லா இருக்கணும்னு, அறுப்புக்கு அறுப்பு எனக்குப் பயறு குடுத்து விடுறா.”

“நீங்க சொல்லலையா?”

“சொல்லணும்.”

கணவன் தூக்கை மூடினான். கோழியை வெளியே மரத்தடியில் மற்ற தகப்பன்மார் தின்று தீர்த்தார்கள். ஒன்பதாம் நாள் பகோன்ஸா தானே கரண்டியைப் பிடுங்கினான். அன்று கபஹெண்டா அவனுக்கு ஒரே ஒரு கரண்டி ஃபிரிண்டா ஊட்டினார், மறுநாள் இரண்டு. பிறகு பொடித்த சின்ன மீன், நிலக்கடலைக் குழம்பு. ஐந்தாவது வாரம் அவன் நடந்தே வீடு போனான்.

அதன்பின் வாரம் ஒரு நாள் கொபுசிங்கே பயறு பிதுக்க வந்து உட்கார்ந்தாள். பிதுக்கும்போது அடிக்கடி அந்த நாள் நினைவுக்கு வரும். தன்னைத் திருடி என்றவளின் பிள்ளைக்காக ஒரு மனுஷி தன் வாழ்க்கையின் ஆகக் கேவலமான நாளை எடுத்து வெளியே வைத்தாரே, அந்த இடத்தில் தானாக இருந்தால் வைத்திருப்பேனா? ஒவ்வொரு அறுவடைக்கும் அவள் அதேன்யியைப் பற்றிக் கேட்பாள். அடுத்த அறுப்புக்கு நானே போய்ச் சொல்லிடுறேன் என்பார் கபஹெண்டா. பயமா, அல்லது அந்தத் தாயிடம் மிஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலைப் பறிக்க மனம் வரவில்லையா என்று ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டாள். “ரெண்டும்தான்” என்றார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து இரண்டே நாளில் கபஹெண்டா போய்விட்டார். அடக்கத்துக்குப் பாதி மாவட்டம் வந்தது. கியாருசோசியிலிருந்து அதேன்யியும் வந்தாள், தலையில் பயறு மூட்டையோடு. கேட்டவர்களிடமெல்லாம் அந்தக் கடைசிக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லி அழுதாள். கொபுசிங்கே அவள் அருகில் போனாள், மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். கபஹெண்டா சொல்லியிருக்க வேண்டியதை அவருக்குப் பதிலாகச் சொல்ல யாருக்கு உரிமை?

அது இன்னும் அதேன்யியிடம் போய்ச் சேரவில்லை.