தியூர் பார்க்கப் போகவிருந்த ஜெசி அக்கா

ஜெசி அக்கா இறந்துவிட்டார்.

இன்று விடிய குரோருட் ஸ்டேஷனில் சப்பாத்தும் பையுமாக நின்றேன். இருவரும் காட்டுக்குப் போவதாக இருந்தோம். ஒருநாளும் பிந்தாதவர்... காணவில்லை.

போன் அடித்தேன். அவருடைய கணவர் எடுத்தார். “ஜெசி எழும்புறாளில்லை, தங்கச்சி...”

பின்னால் ஆம்புலன்ஸ்காரர்கள் நொர்வேஜியனில் கதைப்பது கேட்டது. நித்திரையிலேயே மாரடைப்பாம். நேற்றுப் பின்னேரம்தானே என்னோடு கதைத்தார்!

தெரியாதவர்களுக்கு... நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. அக்காவின் ஊர் மன்னார். இங்கே நோர்வேயில் வேட்டைச் சோதனை பாஸ் பண்ணி, துவக்கு லைசென்ஸும் எடுத்தவர்.

“துவக்கைத் தொடப் பயமில்லையோ அக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னார். “அங்கை மற்றவன்ரை கையிலை இருக்கேக்கைதான் பயம்.”

அவருக்குத் தியூர் என்றால் உயிர். வான்கோழி அளவு, கறுப்புக் காட்டுப் பறவை. வேட்டை இலையுதிர் காலத்தில்தான். ஆனால் வசந்தத்தில் சேவல்கள் கூடி ஆடும் இடத்துக்குப் போய், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். குறைவென்றால் அந்த வருடம் அந்தப் பக்கம் துவக்கோடு போகமாட்டார்.

போன வசந்தம் அம்மருட்டுக்குப் பின்னால் உள்ள காட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பனியில் குப்புறப் படுத்துக் கிடந்தோம்.

ஒரு சேவல் வாலை விரித்தபடி நேரே எங்களிடம் வந்தது. எங்களைக் கண்டதும் பறந்துவிடும் என்று நினைத்தேன். அது கொத்த வந்தது!

“ஓடடி!” என்று கத்திவிட்டு எனக்கு முன்னால் ஓடியவர் ஜெசி அக்காதான். தொப்பி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். “வேலையிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை!”

திங்கட்கிழமை சமையலறை முழுக்க அவரே சொன்னார். அவருடைய கதையில் ஓடியது நான் மட்டும்.

இப்போது அவருடைய வீட்டில்தான் இருக்கிறேன். சனம் வந்துகொண்டிருக்கிறது.

குசினி மேசையில் அக்கா பாணும் முட்டைப் பொரியலும் சுற்றி வைத்திருக்கிறார். இரண்டு பொதி. இரவு படுக்க முதல் கட்டியதாம்.

“ஒண்டு உனக்குத்தான். சாப்பிடு, தங்கச்சி,” என்று அவருடைய கணவர் கையில் தந்தார்.

பிரிக்க முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

போயிட்டு வாங்கோ, ஜெசி அக்கா.