கடைசிப் பத்தி

ஸ்தனிஸ்லாஸ் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குத் திண்டுக்கல் ஏஜெண்ட், நிருபரும் அவரேதான். காலையில் சைக்கிளில் பேப்பர் போட்டுவிட்டு, சந்தைக்குப் போகிற வழியில் இருந்த தன் பேப்பர்க் கடையைத் திறப்பார். பிறகு செய்தி திரட்டி, எழுதி, சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் கையில் கவரைக் கொடுத்துவிடுவார்.

முதலில் கொலை, விபத்து, கோயில் திருவிழா என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார். ஊருக்கு ஊர் விவசாயம் சொல்லிக்கொடுக்கக் கிராம சேவக்கும், தண்ணீர் இறைக்கப் பம்ப்செட்டும் வர ஆரம்பித்தபின் அவருக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. ஒரு கிராமத்துக்குக் கரண்ட் வந்த சேதி பத்துக் கொலையை விடப் பெரிசு என்று மனைவி ரோசலினிடம் சொல்வார். யூரியா என்றால் என்ன, வேரில் அது என்ன செய்கிறது என்று அதிகாரிகளைத் துளைத்தெடுத்து நோட்டில் குறித்துக்கொள்வார்.

1959 ஆவணியில், ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கத்தரிச் செடிக்குப் புதுப் பூச்சிமருந்து அடித்துக் காட்டினார்கள். மேடை, மாலை, பேச்சு எல்லாம் முடிந்தபின் ஸ்தனிஸ்லாஸ் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷில் பொடி எழுத்து. விவசாய அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக எழுதிக்கொண்டார்: வெறுங்கையால் கலக்கக் கூடாது, மூக்கில் துணி கட்ட வேண்டும், மருந்து பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

செய்தியில் இதெல்லாம் கடைசிப் பத்தியாக வந்தது. முதல் பத்தியில் தலைமை தாங்கியவர், மாலை போட்டவர், நன்றி சொன்னவர் என்று பதினாலு பேர். பேர் வந்தால் அந்தந்த ஊரில் பேப்பர் கூடுதலாக ஓடும். இடம் போதாவிட்டால் மதுரையில் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள் என்பது ஏழு வருஷமாக எழுதுகிறவருக்குத் தெரியும். தெரியாது என்று அவர் பிறகு ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

வெட்டினார்கள். பதினாலு பேரும் இருந்தார்கள். கடைசிப் பத்தி இல்லை. திரும்ப எழுதி அனுப்பலாம் என்று நினைத்தார். மறுநாள் பழனி ரோட்டில் பஸ் ஒன்று கவிழ்ந்தது. அந்த அலைச்சலில் விட்டுப்போயிற்று.

மூன்று வாரம் கழித்து, வழக்கம்போல் சேதி கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனார். வேப்பமரத்தடியில் நல்லுசாமி என்ற சம்சாரி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முத்துப்பேச்சி வாளியில் கையை விட்டு மருந்து கலக்கியிருக்கிறாள். மத்தியானம் வாய்க்கால் தண்ணியில் கையை நனைத்துக்கொண்டு கஞ்சி குடித்தவள், வாந்தியெடுத்து வாயில் நுரை தள்ளி விழுந்துவிட்டாள். வண்டி கட்டிக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

நிருபர் என்று தெரிந்ததும் நல்லுசாமி துண்டு முடிச்சை அவிழ்த்து, மடித்த பேப்பர்த் துண்டை எடுத்து நீட்டினார். ஸ்தனிஸ்லாஸ் எழுதிய பூச்சிமருந்துச் செய்திதான் அது.

"நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன் சார். அவளுக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் மருந்து வாங்குனோம். கையில கலக்கக் கூடாதுன்னு இப்ப டாக்டர் சொல்றாரு. இதுல எங்கன போட்டிருக்குன்னு செத்த பாத்துச் சொல்லுங்க. நாந்தான் விட்டுட்டேன்போல."

ஸ்தனிஸ்லாஸ் பேப்பரை வாங்கி, மடித்தபடியே அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அன்று அவர் எழுதி அனுப்பியது ஒன்று, வந்தது வேறு. போலீஸ் எழுதி வைத்தபடி 'விஷம் குடித்துப் பெண் சாவு. குடும்பத் தகராறு காரணமா?' என்று நாலு வரி. அதைப் படித்துவிட்டு முத்துப்பேச்சியின் அண்ணன்மார் நல்லுசாமி வீட்டு வாசலில் கம்போடு நின்றார்கள். போலீஸும் இரண்டு தடவை விசாரணைக்குக் கூட்டிப்போயிற்று.

ஸ்தனிஸ்லாஸ் மதுரைக்கே போய் உதவி ஆசிரியர் முன்னால் நின்றார். திருத்தம் போடச் சொல்லிக் கேட்டார். உதவி ஆசிரியர் நிதானமாகத்தான் பேசினார். மருந்துக் கம்பெனி விளம்பரம் அடுத்த வாரம் முழுப் பக்கம் வருகிறது, இந்த நேரத்தில் வளர்ச்சித் திட்டத்துக்கு விரோதமாக எழுதுவதா என்றார்.

"கைய கழுவச் சொல்றது விரோதமா சார்?"

"நீங்க போயிட்டு வாங்க."

ஊருக்குத் திரும்பி, ராயப்பராஜ் அச்சகத்தில் சொந்தச் செலவில் நோட்டீஸ் அடித்துச் சந்தையில் கொடுத்தார். டப்பாவில் இருந்ததைத் தமிழில் போட்டு, அடியில் முத்துப்பேச்சி செத்த விதத்தையும் எழுதியிருந்தார். வாங்கினவர்கள் சிலர் படித்தார்கள். சிலர் அதில் வெற்றிலை மடித்தார்கள். பத்து நாளில் பத்திரிகை அவருடைய ஏஜென்சியையும் நிருபர் வேலையையும் சேர்த்தே பிடுங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் நோட்டை எடுத்துக்கொண்டு நல்லுசாமியைத் தேடிப் போனார். தான் எழுதியதையும், எங்கே எழுதியதையும், ஏன் அங்கே எழுதியதையும் ஒளிக்காமல் சொன்னார். நல்லுசாமி முழுக்கக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சந்தை நாளுக்கு நாங்க வாரது போறது எல்லாம் உங்க கடை வழியாத்தான் சார். ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கலாம்ல."

கோபம் இல்லாமல் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போனார். ஸ்தனிஸ்லாஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். போகச் சொல்லவும் ஆளில்லை, இருக்கச் சொல்லவும் ஆளில்லை.

ராயப்பராஜ் அச்சகத்திலேயே பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, சினிமா நோட்டீஸ். அறுபத்தாறில் புது நெல்விதை வந்தபோது ஊரில் பூச்சிமருந்துக் கடை ஆறாகியிருந்தது. டப்பாவில் எழுத்து அப்போதும் இங்கிலீஷ்தான். ஒரு நாள் ஒரு கடை வாசலில் நல்லுசாமியைப் பார்த்தார். மருந்து டப்பா இரண்டைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லலாமா என்று ஸ்தனிஸ்லாஸ் யோசித்து முடிப்பதற்குள், நல்லுசாமி சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டார்.