பொடி செல்வி

செல்வி அக்கா போய்விட்டார். இன்று காலை, மெடிக்கல் காலேஜில்... நெஞ்சுவலி என்று அட்மிட் ஆனவர்.

நேற்று சாயங்காலம்கூட வார்டிலிருந்து வாய்ஸ் மெசேஜ். "எடோ, என் டேபிள்ல இருக்குற ஊறுகாய ஒருத்தரும் தொடக்கூடாது." அவ்வளவு தெம்பாக இருந்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா எங்கள் ஆபீசில் வானியல் ஆராய்ச்சியாளர். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பக்கத்து சீட் நான்.

கேலக்ஸிகளின் நடுவில் இருக்கும் தூசிதான் அவருடைய சப்ஜெக்ட். அது நட்சத்திர வெளிச்சத்தை விழுங்கிச் சூடாகும், அந்தச் சூட்டை இன்ஃப்ராரெட்டாக வெளியே விடும். நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்கான கேமராவுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்குத் தூசி ஒரு தொல்லை. நட்சத்திரத்தை மறைக்கிறது, கணக்குப் போட்டு நீக்கு... அவ்வளவுதான்.

இங்கே பேசும் மலையாளத்தில் தூசிக்குப் பெயர் பொடி. முதல் மீட்டிங்கிலேயே எங்கள் ஹெட், "ஆத்யம் பொடி களயணம்" என்றார். முதலில் தூசியை நீக்க வேண்டுமாம். அக்கா சட்டென்று, "களயண்டா சாரே, அதாணு கார்யம்!" நீக்க வேண்டாம், விஷயமே அதுதான் என்று.

அன்றிலிருந்து அவர் பொடி செல்வி.

ஒருமுறை சாலை பஜாரில் தமிழ் வியாபாரிகளின் விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். இங்கேயே இருந்து இருந்து அக்காவின் தமிழிலும் தூசி பொடியாகியிருந்தது. "கேலக்ஸி நடுவுல பூரா பொடிதான்" என்றார்.

மிளகாய் மண்டி அண்ணாச்சி எழுந்து, "மிளகாப் பொடியா, மல்லிப் பொடியா டீச்சர்?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "வெயில்ல கெடந்த வத்தல் மூட்டைய தொட்டா சுடும்லா அண்ணாச்சி? அந்த மாதிரி சூட்டத்தான் நான் பாக்கேன்" என்றார். அண்ணாச்சி கடைசிவரை எழுந்து போகவில்லை.

அப்புறம் அந்த ஆராய்ச்சிப் பேப்பர் விவகாரம். ஒரு கேலக்ஸியின் நடு, இன்ஃப்ராரெட்டில் இருக்க வேண்டியதைவிட அதிகமாக ஒளிர்ந்தது. தூசியின் சூடு என்று எழுதினார் அக்கா. ஜர்னலுக்காகப் பரிசீலித்தவர், வெறும் பழைய நட்சத்திர வெளிச்சம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பேப்பர் வராவிட்டால் அக்காவின் கான்ட்ராக்ட் நீளாது. "தூசியாக இருக்கலாம்னு மாத்தி அனுப்பிடுங்கக்கா" என்று எல்லோரும் கெஞ்சினோம்.

"எதுக்கு எடோ 'இருக்கலாம்'? இன்னும் நீள அலையில ஒருதடவ பாத்துருவோம். நட்சத்திரம்னா மங்கணும், பொடின்னா கூடணும். மங்கிச்சுன்னா பேப்பர நானே கிழிச்சுப் போடுதேன்."

சொன்னால் செய்துவிடுவார். வேலை போனாலும் செய்வார். அந்தத் துணிச்சல் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

டேட்டா வந்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். ஸ்கிரீனில் கோடு ஏறியது... ஏறிக்கொண்டே போனது.

அக்கா கத்தவில்லை, குதிக்கவில்லை. "வா, சாலைக்குப் போவோம்" என்றார். மண்டி வாசலில் நின்று, "அண்ணாச்சி, பொடி கிடைச்சாச்சு!"

"எத்தன கிலோ டீச்சர்?"

"உங்க மண்டி தாங்காது!"

இன்று அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "டீச்சர் பாத்த அந்தப் பொடி... இப்பவும் சூடாத்தான் இருக்குமா?"

"இருக்கும் அண்ணாச்சி."



போய் வாங்க அக்கா. ஊறுகாயை யாரும் தொடவில்லை. பொடியையும் களைய மாட்டோம்.