டானிக் விளம்பரத்தில் வந்த மாப்பிள்ளை

என் படம் முதன்முதலில் பத்திரிகையில் வந்தபோது, அதற்குக் கீழே ‘மருந்து உண்ணுமுன்’ என்று அச்சடித்திருந்தார்கள். பிறவியிலேயே எனக்கு ஒல்லியான உடம்பு. சாப்பாட்டில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. சாப்பிட்டதெல்லாம் எங்கேதான் போகிறது என்று அண்ணி வாய்விட்டே கேட்பார். ஆனால் பினாங்குக் கடைத்தெருவில் நான் வேலை பார்த்த மருந்துக்கடை முதலாளிக்கு இந்த உடம்பு தெய்வம் கொடுத்த வரமாகத் தெரிந்தது.

முதலாளி ஒரு டானிக் விற்றார். இரத்தம் கெட்டவர்கள், நரம்பு தளர்ந்தவர்கள், பசி எடுக்காதவர்கள், பசி அடங்காதவர்கள் எல்லோரும் அதையேதான் குடிக்க வேண்டும். “காலையில் எழுந்ததும் மறுபடி படுக்கத் தோன்றுகிறதா? மேலதிகாரியைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறதா?” என்று வாரப் பத்திரிகையில் விளம்பரம் வரும். கேள்விகளை எழுதிக் கொடுப்பது நான். ஊரில் யாருக்குத்தான் இதெல்லாம் இல்லை? படித்தவர்கள் தங்களுக்குப் பெரிய நோய் வந்துவிட்டதென்று பதறிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார்கள். முதலாளி மட்டும் அந்தப் பாட்டிலைத் தொடமாட்டார். அவருக்கு ஜலதோஷம் பிடித்தால் வீட்டிலிருந்து மிளகு ரசம் வரும். கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உறிஞ்சிக் குடிப்பார்.

அந்தக் காலத்து மருந்து விளம்பரங்களில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போடுவது வழக்கம். ‘முன்’னுக்கு முதலாளி என்னை உட்கார வைத்து, கன்னத்தை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னார். ‘பின்’னுக்குத் தம் மைத்துனரை உட்கார வைத்தார். அவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். இருவரும் ஒரே கறுப்புக் கோட்டைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். என்மேல் அது கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது. அவருக்குப் பொத்தான் எட்டவில்லை. “கோட்டு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுதான்னு நெனச்சிக்குவாங்க லா!” என்று முதலாளி கைகொட்டிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பத்திரிகையில் படம் வருவதென்றால் சும்மாவா?

சிரிப்பு அந்த ஞாயிற்றுக்கிழமை வரைதான் நீடித்தது. அன்றைக்குத்தான் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் எனக்குப் பெண் பார்ப்பதாக அண்ணனும் அண்ணியும் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெண் வீட்டுக்கும் அதே பத்திரிகை போகும் என்பது எங்கள் மூவருக்குமே உறைக்கவில்லை.

பெண்ணின் அப்பா தண்ணீர்க் குழாய் இலாகாவில் கிராணி, அதாவது குமாஸ்தா. இயற்கை வைத்தியத்தில் தீவிரமானவர். மருந்துப் பாட்டில் வாசற்படி ஏறினால் வீட்டைக் கழுவிவிடச் சொல்வார் என்று அண்ணி டிராமில் போகும்போதே எச்சரித்திருந்தார். அடுப்பில் ஏறிய எதுவும் உணவல்ல என்பது அவர் கட்சி. அதனால் எங்களுக்குப் பஜ்ஜியும் காப்பியும் வரவில்லை. ஊறவைத்த பச்சைப்பயறும் தேங்காய்த் துருவலும்தான் வந்தன. தட்டைக் கொண்டுவந்து வைத்த பெண் என் முகத்தைப் பார்த்தாள். உடனே கன்னத்தை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி உள்ளே ஓடிவிட்டாள். படத்தைப் பார்த்துவிட்டாள் என்று புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவளுடைய அப்பா பத்திரிகையை விரித்து என் பக்கத்தில் வைத்து, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி, டானிக் குடிச்சா ஒடம்பு பெருக்கும்னு போட்டிருக்கு. சரி, பெருக்கட்டும். காதுமா வேற காதா ஆகும்?”

அண்ணன் தொண்டையைச் செருமினார். பொய் சொல்ல அங்கே வழியே இல்லை. முன்படத்தில் மட்டும்தான் நான் இருக்கிறேன், டானிக்கை ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை, எங்கள் பரம்பரையே இப்படித்தான் என்று ஒப்பித்துவிட்டேன்.

“குடிக்கலேன்னு சொன்ன பாரு, அது ஒண்ணுக்காகத்தான் ஒன்னய ஒக்கார வச்சிருக்கேன்” என்றார். “நோஞ்சானா இருந்தாலும் பரவால்ல, தேத்திக்கலாம். பொய் சொல்றவனத் தேத்த முடியாது. ஞாயித்துக்கெழம தவறாம இங்க வா. நான் சொல்றபடி செய். ஒடம்பு தேறுச்சுன்னா கல்யாணம். நடுவுல எங்கிட்ட ஒரு பொய் சொன்னே, அடுத்த டிராமுல ஏத்தி விட்டுருவேன்.”

முதலாளிக்கு நோயாளியாக உழைத்தது போதாதென்று, மாமனாராக வரப்போகிறவருக்கும் நோயாளியானேன். விடிகாலை டிராமில் போய் இறங்கியதும், மலையிலிருந்து வந்த தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, இடுப்பு முங்க உட்கார வைப்பார். பல் தந்தியடிக்கும். பிறகு வயிற்றில் களிமண் பற்று. அது காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, “ஒடம்புங்கறது குழாய் மாதிரி தம்பி. அடைப்ப எடுத்துவிட்டா மத்தத அதுவே பாத்துக்கும்” என்று இலாகா பாஷையிலேயே பாடம் நடத்துவார். கொழுகொழுவென்று ஓடித் திரியும் தம் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “பாத்தியா, எல்லாம் பச்சை உணவுலயே வளந்தது!” என்று முதுகில் தட்டுவார். அவர் மட்டும் என்னைப் போலவே இருந்தார். அதை அவரிடம் யார் சொல்வது?

களிமண் உதிர்ந்ததும் எனக்குத் தேங்காயும் வாழைப்பழமும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறப் போய்விடுவார். திரும்பி வர மத்தியானம் தாண்டிவிடும். முதல் ஞாயிறு அவர் தலை மறைந்ததும் வீட்டில் ஒரு பரபரப்பு. பிள்ளைகளில் ஒன்று வாசலுக்குக் காவலாக ஓடியது. இன்னொன்று விறகைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனது. அங்கே தகரக் கொட்டகையில் அத்தை, அதாவது பெண்ணின் அம்மா, அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். நான் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன்.

“அதக் கீழ வைங்க தம்பி. ஆட்டுக்கறி கொதிக்குது” என்றார் அத்தை.

கறி, ரசம், சுடுசோறு. குளிர்ந்த தண்ணீரில் கிடந்து எழுந்த வயிற்றுக்கு அது எப்படி இறங்கியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா! மாமாவின் தண்ணீர் வைத்தியத்தை நான் மட்டம் தட்டமாட்டேன். அப்படியொரு பசியை எந்த டானிக்கும் கொடுக்காது. ஆனால் அந்தப் பசிக்குப் பதில் சொன்னது அத்தையின் அடுப்புதான். சாப்பிட்டு முடித்ததும் சட்டி கழுவி, கொட்டகையைப் பெருக்கி, வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார்கள். மாமா வரும்போது வீடு கோயில் மாதிரி மணக்கும். நான் டிராமுக்குக் கிளம்பும்போது, வாரம் முழுவதற்குமாக வறுத்த கறி ஒரு பொட்டலம் என் பைக்குள் ஏறியிருக்கும்.

கன்னம் தானாகவே வெளியே வந்தது. பசார்ச் சந்தையில் கிராம்பு நிறுக்கும் சீனர் கடைத் தராசில் மாமா என்னை ஏற்றி நிறுத்துவார். ஒவ்வொரு தடவையும் தவுக்கே, அதாவது அந்தக் கடைக்காரச் சீனர், என் வயிற்றில் ஒரு குத்துவிட்டு, “கெமுக் லா!” என்று சிரிப்பார். கொழுத்துவிட்டான் என்று அர்த்தம். மாமாவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவாது. எனக்கோ ஒரே பயம். அவர் கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

அந்தப் பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. ஒரு ஞாயிறு சோறு போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

“அப்பா கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“பொய் சொன்னா டிராமுல ஏத்திருவேன்னு சொல்லியிருக்காரே.”

“உண்மையச் சொன்னா அம்மா மாட்டிக்குவாங்க. அம்மாவக் காட்டிக் குடுத்தீங்கன்னா டிராமுல நானே ஏத்தி விட்டுருவேன்.”

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கறியை இலையில் போட்டாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை இழந்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

கேள்வி வந்தது ஒரு போட்டோக் கடையில். என் உடம்பு தேறியதில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. விளம்பரமே பொய் என்று காலமெல்லாம் திட்டிய மனிதர், தாமே ஒரு விளம்பரம் போடுவது என்று முடிவு செய்துவிட்டார். ‘முன்’னுக்கு டானிக் கடைக்காரன் போட்ட அதே படம். ‘பின்’னுக்குப் புதுப் படம். கோட்டுக்கூட அதே கோட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, முதலாளியிடம் இரவல் வாங்கி வரச் செய்தார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துவிட்டார். அப்போது மாமா என் காதருகில் குனிந்தார்.

“இயற்கை வைத்தியத்தாலதான் தேறினேன்னு கீழ ஒன் பேரப் போடப் போறேன். போடலாமில்ல?”

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் கல்யாணம்.

“பாதி போடலாம் மாமா” என்றேன். “தண்ணி பசியக் குடுத்துச்சு. ஆட்டுக்கறி ஒடம்பக் குடுத்துச்சு. எங்க சாப்பிட்டேன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். டிராமுல ஏத்தி விட்டாலும் சரி.”

போட்டோக்காரர் துணிக்குள்ளிருந்து, “அசையாதீங்க!” என்று சத்தம் போட்டார். நான் அசையவில்லை. படம் எடுத்து முடித்து, அவர் தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகுதான் மாமா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“சாம்பிராணியப் போட்டா சோம்பு வாசம் போயிருமாக்கும்?” என்றார். “இந்த முட்டிய வச்சிக்கிட்டு வாரா வாரம் மலை ஏற எனக்கென்ன பைத்தியமா? நான் வீட்ட விட்டுப் போனாத்தான் அவ அடுப்பப் பத்த வைப்பா. புள்ளைங்க சாப்பிடணுமேன்னுதான் ஏறுறேன்.”

அவர் கைத்தடியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

“ஊருக்கெல்லாம் பச்சையாத் தின்னுங்கன்னு சொல்லியாச்சு. இனிமே நான் போய் எலையில ஒக்கார முடியுமா? தை பொறந்ததும் நாள் பாக்கச் சொல்லு. வர்ற ஞாயிறு, மாப்ளே, எனக்கும் ஒரு பொட்டலம் மலைக்குக் கொண்டா. வீட்டுல மூச்சு விடாதே.”

‘தம்பி’ ‘மாப்ளே’ ஆனதில் எனக்குக் கோட்டுப் பொத்தானே தெறித்துவிடும் போலிருந்தது. விளம்பரம் கடைசிவரை வரவில்லை.

அடுத்த ஞாயிறு அத்தையிடம் இன்னொரு பொட்டலம் கேட்டேன். நடந்து வந்ததில் பசி அதிகம் என்று ஏதோ உளறினேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஏற்கெனவே கட்டித் தயாராக வைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“சூடு ஆறுறதுக்குள்ள ஏறிடுங்க” என்றார். “எலும்பெல்லாம் எடுத்துட்டேன். அவருக்குக் கடவாப்பல்லு ஆடுது.”